பாடியவர் பெயர்: கே.ஏ. குணசேகரனின் பாட்டுவாழ்வும் நாட்டுப்புறப் பாடலின் ஆசிரியரும்

ஆய்வுச் சுருக்கம்

நாட்டுப்புறப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்பது தமிழ் நாட்டுப்புறவியல் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் வரையறைகளுள் ஒன்று. தாமே பாடல் புனைந்து, தாமே மெட்டமைத்து, தாமே மேடையில் பாடும் தனிப்பாடகர் இவ்வரையறைக்குள் அடங்குவதில்லை. ஆய்வாளராகவும் பாடகராகவும் விளங்கிய கே.ஏ. குணசேகரனின் பாட்டுவாழ்வை முதன்மைச் சான்றாகக் கொண்டு, பெயரின்மை என்பது பாடலின் இயல்பா, பதிவுமுறையின் விளைவா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. விருத்தாசலம் வட்டாரம் களமாக முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நாட்டுப்புறப் பாடல், தனிப்பாடகர், ஆசிரியர், மெட்டு, தன்னானே, பதிப்புரிமை, நடுநாடு.

முன்னுரை

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரால் தேவாரத்திலும், பீங்கான் என்னும் தொழிற்பெயரால் தற்காலத் தமிழகத்திலும் அறியப்படும் ஊராகும். இவ்வூர்ச் சூளைகளிலிருந்து வெளிவரும் பீங்கான் பொருள்கள் விருத்தாசலத்துப் பொருள்கள் என்றே சந்தையில் பெயர் பெறுகின்றன. அச்சில் வார்த்தவர், வண்ணம் தீட்டியவர், சூளை வைத்தவர் ஆகியோரின் பெயர் எப்பொருளிலும் இருப்பதில்லை. கைத்தொழிலுக்கு இஃது இயல்பு என்று கொள்ளப்படுவதால் யாரும் இதனைக் குறையாகக் கருதுவதும் இல்லை. பாட்டுக்கும் இதே இயல்பைத் தமிழ் ஆய்வுலகம் நெடுங்காலமாகப் பொருத்திவந்துள்ளது என்பதே இங்குக் கவனத்திற்குரியது.

விருத்தாசலத்தை அடுத்த முதனை என்னும் சிற்றூரில் பிறந்தவர் திரைப்படப் பின்னணிப் பாடகர் வேல்முருகன். 'சுப்பிரமணியபுரம்' (2008), 'நாடோடிகள்' (2009), 'ஆடுகளம்' (2011) ஆகிய படங்களில் அவர் பாடிய பாடல்கள் தமிழகம் முழுவதும் ஒலித்தன. அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என மூவர் பெயர்கள் உள்ளன. அதே முதனையில், களையெடுப்பின்போதும் இழவு வீட்டிலும் பாடும் ஒரு பெண்ணின் பாடலை ஆய்வாளர் ஒருவர் பதிவு செய்தால் அதன்கீழ் 'விருத்தாசலம் வட்டாரம்' என்னும் இடப்பெயர் இருக்கும்; பதிவு செய்தவர் பெயரும் இருக்கும். பாடியவரின் பெயர் இருக்குமா என்பது ஆய்வாளரைப் பொறுத்தது; பாடலைப் புனைந்தவர் யார் என்னும் வினாவோ எழுவதே இல்லை. திரைப்பாட்டுக்கு மூன்று பெயர்களும் வயற்பாட்டுக்கு ஓர் ஊர்ப்பெயரும் கிடைக்கின்ற இந்நிலை எவ்வாறு உருவாயிற்று? இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் தனிப்பாடகரின் வாழ்வு இதற்கு விடை காண உதவும்.

பெயரின்மை என்னும் வரையறை

மு. அருணாசலத்தின் 'காற்றிலே மிதந்த கவிதை' (1943), பெர்சி மாக்வீன் திரட்டிய பாடல்களைக் கொண்டு கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' (1958), நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' (1964), அன்னகாமுவின் 'ஏட்டில் எழுதாக் கவிதைகள்' (1966) ஆகிய தொகுப்புகளே தமிழ் நாட்டுப்புறப் பாடல் ஆய்வின் அடித்தளம். இவற்றின் தலைப்புகளே ஒரு கருத்தைச் சொல்கின்றன. காற்றில் மிதப்பது, மலையிலிருந்து அருவியாய் வீழ்வது, ஏட்டில் எழுதப்படாதது என்றெல்லாம் பாடல் இயற்கைப் பொருளாக உருவகிக்கப்படுகிறது. அருவிக்கு ஆசிரியர் எவ்வாறு இருக்க முடியும்? வானமாமலையின் தலைப்பு மட்டுமே பாடலைத் 'தமிழர்' என்னும் மக்கட் பெயரோடு இணைக்கிறது. அவருடைய தொகுப்பில் பாடல்களின்கீழ்ச் சேகரித்தவர் பெயரும் இடமும் தரப்பட்டிருப்பது அக்காலத்தில் ஒரு முறையியல் முன்னேற்றம். எனினும் அங்கும் பாடியவர் பெயர் எல்லாப் பாடல்களுக்கும் தரப்படவில்லை.

இத்தொகுப்புகளைத் தொடர்ந்து எழுந்த பாடநூல்கள் நாட்டுப்புறப் பாடலின் இயல்புகளைத் தொகுத்துரைக்கையில் வாய்மொழியாகப் பரவுதல், திரிபடைதல் ஆகியவற்றோடு ஆசிரியர் பெயர் அறியப்படாமையையும் ஓர் இயல்பாகச் சேர்த்தன. முதலிரண்டும் பாடல் வழங்கும் முறையைப் பற்றியன. மூன்றாவதோ ஆய்வாளரின் அறிவு நிலையைப் பற்றியது. அறியப்படாமை என்பது அறிய முயன்றவருக்குக் கிட்டாத ஒன்று. அதனைப் பாடலின் பண்பாக மாற்றியது வகைப்பாட்டுப் பிழை என்றே கொள்ள வேண்டும். மாணவர் பலர் இன்றும் இவ்வரையறையைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். அதன்பின் களத்திற்குச் செல்கையில் பெயரைக் கேட்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

தமிழ் மரபு இவ்வாறு நடந்துகொள்ளவில்லை என்பதும் சுட்டத்தக்கது. நாட்டுப்புறவியலார் வாய்மொழிப் பாட்டின் முன்னோடியாகக் காட்டும் தொல்காப்பியப் 'பண்ணத்தி' இலக்கணத்தில் ஆசிரியரின்மை ஒரு கூறாகச் சொல்லப்படவில்லை. சங்கத் தொகைகளைத் தொகுத்தவர்களோ, பெயர் அறிய இயலாத இடங்களில் பாடலின் தொடரையே எடுத்துப் பாடியவருக்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார், குப்பைக்கோழியார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பன அவ்வாறு எழுந்த பெயர்கள். பெயர் காணப்படாத பாடல்களும் குறுந்தொகையில் உண்டென்றாலும், பாடல் இருப்பின் பாடினோர் ஒருவர் இருந்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் தொகுத்தோரிடம் உறுதியாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவடிச்சிந்துக்கு அண்ணாமலை ரெட்டியார் பெயரும், நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குக் கோபாலகிருஷ்ண பாரதியார் பெயரும் நின்றன. இரண்டும் மக்களிடையே வழங்கிய மெட்டுகளையும் பாவடிவங்களையும் கையாண்டவை. குஜிலிக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற கொலைச் சிந்துகளிலும் இயற்றியவர் பெயர் முகப்பில் அச்சிடப்பட்டது. ஆக, மக்கள் மெட்டில் அமைந்த பாட்டுக்கு ஆசிரியர் இருத்தல் தமிழுக்குப் புதியதன்று.

குணசேகரனின் பாட்டுவாழ்வு

கே.ஏ. குணசேகரன் 1955ஆம் ஆண்டு, இன்றைய சிவகங்கை மாவட்டத்து இளையான்குடியை அடுத்த மாரந்தையில் தலித் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தம் இளமைக்கால அனுபவங்களை அவர் 'வடு' (2005) என்னும் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். சாதி இந்துக்களின் ஊர்களில் கண்ட இழிவும், இளையான்குடி இசுலாமியரிடையே கண்ட இணக்கமும் அந்நூலில் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. பாட்டு அவருக்கு இவ்விரு உலகங்களினிடையே கிடைத்தது. கல்வியின் வழியே நாட்டுப்புறவியலுக்கு வந்து அதிலேயே முனைவர் பட்டம் பெற்ற அவர், பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராகவும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். 'பலியாடுகள்' என்னும் அவரது நாடகம் தமிழ்த் தலித் அரங்கின் தொடக்கப் பனுவல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. 2016 சனவரியில் புதுச்சேரியில் மறைந்தார்.

இவ்வாழ்க்கைக் குறிப்பு ஒரு கல்வியாளருடையது. ஆயினும் தமிழகத்துச் சிற்றூர்களில் அவர் அறியப்பட்டது பாடகராக. 'தன்னானே' என்னும் கலைக்குழுவை அமைத்துப் பறை முதலான தோற்கருவிகளின் துணையோடு இடதுசாரி மேடைகளிலும் தலித் இயக்க மேடைகளிலும் பல்லாண்டுகள் பாடினார். ஒலிநாடாக்கள் பரவிய காலம் அது. இசைத்தட்டுத் தொழில் பெருநிறுவனங்களின் கையில் இருந்தது; ஒலிநாடாவை ஒரு சிறு அமைப்பும் வெளியிட இயலும், ஒருவர் வீட்டுக் கருவியிலேயே படியெடுத்து அடுத்தவருக்குத் தரவும் இயலும். இந்திய இசைத்துறையில் ஒலிநாடா ஏற்படுத்திய இம்மாற்றத்தைப் பீட்டர் மானுவேல் 1993இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். வட்டாரப் பாடகர்கள் திரைப்படத்தின் வாயிலைத் தட்டாமலே கேட்போரை அடைய முடிந்தது. குணசேகரனின் குரல் தேநீர்க் கடைகளையும் மாணவர் விடுதிகளையும் அடைந்தது இவ்வழியில்தான்.

சுயாதீனக் கலைஞர் என்று இன்று வழங்கும் சொல்லை அவருக்குப் பொருத்துகையில் ஒன்றைக் கருத வேண்டும். திரைத்துறையிலிருந்து அவர் விடுபட்டு நிற்க முடிந்ததற்குப் பல்கலைக்கழக ஊதியம் ஒரு காரணம். பாணருக்குப் புரவலர் இருந்தது போலவே தற்காலத் தனிப்பாடகருக்கும் ஏதோ ஒரு புரத்தல் தேவைப்படுகிறது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசனுக்குப் பொதுவுடைமைக் கட்சி மேடை அதனை அளித்தது. குணசேகரனுக்குக் கல்வி நிறுவனம் அளித்தது. முதனை வேல்முருகனுக்குத் திரைப்படம் அளித்தது. எந்தப் புரத்தலும் நிபந்தனையற்றதன்று. கல்வி நிறுவனத்தின் நிபந்தனை நுட்பமானது. அது பாடகரை ஆய்வாளராக இருக்குமாறு கோருகிறது. ஆய்வாளரோ பாடலைத் 'தரவு' எனக் கருதப் பயிற்றப்பட்டவர். தாம் பாடும் பாடலையே தரவாகவும் நோக்கவேண்டிய இரட்டை நிலை குணசேகரனுக்கு வாய்த்தது. 'நகர்சார் நாட்டுப்புறப் பாடல்கள்' என்னும் நூலில், ஊர்ப்புறத்தை விட்டு நகரத்துக்கு வந்தோரின் பாடல்களையும் நாட்டுப்புறப் பாடல் என்னும் வகைக்குள் கொணர்ந்தார். 'சேரிப்புறவியல்' என்னும் சொல்லாக்கம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. 'நாட்டுப்புறம்' என்னும் பொதுச்சொல் ஊரையும் சேரியையும் ஒன்றாகக் காட்டி, பாடுபவரின் சமூக இருப்பை மறைத்துவிடுகிறது என்னும் திறனாய்வு அச்சொல்லாக்கத்திலேயே உள்ளது. பாடியவர் பெயரைப் பற்றிய வினாவுக்கு அவரது எழுத்தில் இதுவே மிக நெருங்கிய இடம்.

பறையை அவர் மேடைக்குக் கொணர்ந்ததும் இங்கு நோக்கத்தக்கது. இழவுக்குப் பறையடிப்பதைக் கட்டாயத் தொழிலாகச் சுமந்தோர் அதனை மறுத்துக் கருவியையே கைவிடுதல் ஒருவகை விடுதலை. அதே கருவியை மாண்போடு மேடையில் ஒலித்தல் மற்றொரு வகை. தலித் இயக்கத்தினுள் இவ்விரு நிலைப்பாடுகளும் நெடுநாள் விவாதிக்கப்பட்டன. குணசேகரன் இரண்டாவதைத் தேர்ந்தார். பெயரற்ற 'வெட்டி'யாக அடித்த கருவியைப் பெயருடைய கலைஞராக நின்று அடிப்பது என்னும் மாற்றமே அத்தேர்வின் உட்பொருள்.

மேடையில் மூவகைப் பாடல்கள்

குணசேகரன் பாடிய பாடல்களை ஆசிரியர் நோக்கில் மூன்றாகப் பகுக்கலாம். ஊர்ப்புறத்தில் வழங்கி அவர் கேட்டும் திரட்டியும் பெற்றவை முதல் வகை. பிற கவிஞர் எழுத அவர் பாடியவை இரண்டாம் வகை. அவரே சொல்லமைத்துப் பாடியவை மூன்றாம் வகை. ஓர் இரவு மேடையில் மூன்றும் கலந்தே வரும். கேட்போர் இவற்றைப் பிரித்தறிவதில்லை. பிரித்தறியத் தேவையும் அவர்களுக்கு இல்லை. எல்லாம் 'குணசேகரன் பாட்டு'.

இரண்டாம் வகைக்குச் சிறந்த சான்று இன்குலாபின் 'மனுசங்கடா'. கவிஞர் எழுதிய அப்பாடல் குணசேகரனின் குரலில் தமிழகமெங்கும் பரவித் தலித் இயக்கத்தின் பாடலாகவே ஆயிற்று. அம்சன் குமார் இயக்கிய திரைப்படம் ஒன்றும் அதன் பெயரையே தலைப்பாகக் கொண்டது. போராட்டக் களங்களில் அதனைப் பாடுவோர் பலர் அதனை எழுதியவர் யாரெனக் கேட்பதில்லை. நாட்டுப்புறப் பாடல் என்றே கருதுவோரும் உண்டு. வரையறைப்படி நோக்கின், வாய்மொழியாகப் பரவியும் இடத்துக்கேற்பத் திரிபடைந்தும் ஆசிரியர் அறியப்படாமலும் வழங்குமிடத்தில் 'மனுசங்கடா' நாட்டுப்புறப் பாடலே ஆகிவிடும். அச்சிட்ட கவிதைத் தொகுதியைத் திறந்தால் அதே பாடல் இன்குலாபின் கவிதை. ஒரே பாடல் நூலகத்தில் ஆசிரியர் உடையதாகவும் தெருவில் ஆசிரியர் அற்றதாகவும் இருக்கக்கூடுமாயின், பெயரின்மை பாடலின் உள்ளிருக்கும் பண்பு ஆகாது. குணசேகரன் மறைந்த அதே 2016இன் திசம்பரில் இன்குலாபும் மறைந்தார். அவரது 'காந்தள் நாட்கள்' தொகுதிக்கு 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட, குடும்பத்தார் அதனை ஏற்க மறுத்தனர். கவிஞராக அவர் பெயரை நிறுவனங்கள் நன்கறியும். அவருடைய சொற்களைப் பாடித் திரிந்த எண்ணற்றோர்க்குத்தான் அப்பெயர் எட்டவில்லை.

முதல் வகையே மிகவும் சிக்கலானது. ஊரிலிருந்து பெற்ற பாடலை மேடைக்கு ஏற்றுகையில் பாடகர் அதன் அடிகளைக் குறைக்கிறார், வரிசையை மாற்றுகிறார், கோரசுக்கு இடம் விடுகிறார், சில சொற்களைத் தம் அரசியலுக்கேற்பத் திருத்துகிறார். வயலில் முடிவின்றி நீளும் பாட்டு மேடையில் ஐந்து நிமிடத்திற்குள் அடங்குகிறது. இவ்வாக்கத்தில் பாடகருக்கு உள்ள பங்கை மறுக்க இயலாது; அவருக்கு முன் அதனைப் பாடியவரின் பங்கையும் மறுக்க இயலாது. ஒலிநாடாவின் உறையில் முன்னவருக்கே இடமுண்டு. இது குணசேகரனின் குறையன்று. அவர் காலத்தின் வழக்கம். ஆனால் ஆய்வாளரும் பாடகரும் ஒருவரேயான இவ்வாழ்வில்கூட அவ்வழக்கம் முழுமையாக உடையவில்லை என்பது ஆய்வுலகம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

மெட்டு யாருடையது

'தன்னானே' என்பது பொருளற்ற அசைச்சொல் என்று கொள்வது வழக்கம். நடவுப் பாட்டிலும் கும்மியிலும் முதற்குரல் அதனை இசைத்து மெட்டை நிறுவ, ஏனையோர் பற்றிக்கொள்வர். சொல்லுக்கு முன்னே மெட்டு வந்து நிற்கிறது. அதன்மீது அன்றைய செய்தியை, கேலியை, துயரைப் பாடுபவர் ஏற்றுகிறார். மெட்டு பொது, சொல் தனி என்னும் பங்கீடு இதனுள் இருக்கிறது. ஆசிரியரின்மையைப் பற்றிப் பேசுவோர் மெட்டுக்குரிய பொதுமையைச் சொல்லுக்கும் ஏற்றிவிடுகின்றனர். வயலில் ஒருத்தி கங்காணியை எள்ளிக் கட்டிய அடி யாருடையது என்று உடன் நடவு நட்டவர்களைக் கேட்டால் பெயரைச் சொல்லிவிடுவார்கள். ஒப்பாரியில் இது இன்னும் தெளிவு. நன்றாக ஒப்பாரி வைப்பவர் இன்னார் என்பதை ஊர் அறியும். பிற ஊர் இழவுக்கும் அவரை அழைத்துச் செல்வர்.

பாவலர் வரதராசன் இப்பங்கீட்டைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். ஊர்ப்புற மெட்டுகளோடு அக்காலத் திரைப்பட மெட்டுகளையும் எடுத்து, அவற்றின்மீது கட்சிக் கருத்துகளை ஏற்றி, ஆர்மோனியத் துணையோடு பாடினார். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாடியது இன்றளவும் நினைவுகூரப்படுகிறது. பின்னாளில் திரையிசையில் புகழ் பெற்ற இளையராஜா தம் தொடக்கப் பயிற்சியைப் பெற்றது அண்ணனின் இக்குழுவிலேயே. திரை மெட்டு மேடைக்கு வந்து கட்சிப் பாட்டாவதும், ஊர் மெட்டு அதே குடும்பத்தின் வழியே திரைக்குச் சென்று இசையமைப்பாளர் பெயரைப் பெறுவதும் ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்தன. குணசேகரன் 'இசைமொழியும் இளையராஜாவும்' என்று ஒரு நூலே எழுதியது தற்செயலானதன்று.

புதுவையில் இயங்கிய தலித் சுப்பையாவின் பாடல்களையும் இங்குச் சேர்த்து நோக்கலாம். தாமே எழுதித் தாமே பாடிய அவர், மேடைப் பாடகர் என்றே ஆய்வேடுகளில் குறிக்கப்படுகிறார். கவிஞராக அரிதாகவே குறிக்கப்படுகிறார். பாடிவிட்டால் கவிஞர் ஆகார் என்னும் ஒரு மறைமுக விதி தமிழ்த்துறைகளில் இருப்பது போலும். 2016இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டபோது எழுந்த விவாதத்தில் ஆர்வத்துடன் பங்குகொண்ட நம்மவருள் பலர், அருகிலிருந்த பாடகரைக் கருதியதாகத் தெரியவில்லை.

தண்டனைக்கு ஒரு பெயர், உரிமைக்கு ஒரு பெயரின்மை

2015 அக்டோபர் இறுதியில் மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் திருச்சியில் கைது செய்யப்பட்டார். அரசு மதுக்கடைகளை மூடக் கோரியும் அன்றைய முதலமைச்சரைக் குறைகூறியும் பாடிய பாடல்களுக்காக அவர்மீது அரசத்துரோகப் பிரிவும் சுமத்தப்பட்டது. அவ்வமைப்பின் பாடல்கள் கூட்டாக உருவாக்கப்பட்டுக் கூட்டாகப் பாடப்படுபவை. தனியொருவர் பெயரை முன்னிறுத்தும் வழக்கம் அங்கில்லை. நாட்டுப்புறவியல் வரையறைக்கு மிக நெருங்கிய ஆக்கமுறை என்றே சொல்லலாம். ஆனால் குற்றவியல் சட்டத்துக்கு ஆசிரியரைக் கண்டுபிடிப்பதில் எந்தத் தயக்கமும் ஏற்படவில்லை. பாடியவரே பொறுப்பாளர்.

உரிமை என்று வருகையில் சட்டம் வேறு முகம் காட்டுகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நாட்டுப்புற ஆக்கங்களுக்கெனத் தனிப் பாதுகாப்பு இல்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிமைத்தொகையில் விட்டுக்கொடுக்கவியலாத பங்கை வழங்கியதோடு, நிகழ்த்துநர் உரிமையையும் விரிவாக்கியது. மூலப் பாடலுக்கு ஆசிரியர் இல்லை என்று எழுதப்பட்டுவிட்டால் இவ்வுரிமைகள் பாடலைக் கடைசியாகப் பதிவு செய்தவரிடமே சென்று சேர்கின்றன. 'மரபுப் பாடல்' என்னும் குறிப்பு இங்கு வெறும் வகைப்பெயராக நிற்பதில்லை. உரிமை யாருக்கும் இல்லை என்னும் சான்றிதழாகவே அது பயன்படுகிறது. அதனை எழுதுபவர் பெரும்பாலும் நம் துறையினர்.

உலக அளவில் இதற்குப் பெயர்பெற்ற சான்று தென்னாப்பிரிக்கர் சாலமன் லிண்டாவினுடையது. 1939இல் சோகன்னசுபர்க்கில் அவர் பதிவு செய்த 'முபுபே' என்னும் பாடல், அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களின் வழியே உலகப் புகழ் பெற்றது. அது ஆப்பிரிக்க மரபுப் பாடல் என்றே முதலில் கருதப்பட்டது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். அவர் மகள்களுக்கு உரிய பங்கு கிடைக்க வழிசெய்த உடன்பாடு 2006இல்தான் எட்டப்பட்டது. ஒருவர் கட்டிய பாட்டை மரபு என்று பெயரிட்டதன் விலை ஒரு வாழ்நாளைவிட நீண்டது.

தமிழில் அண்மைய சான்று 'என்ஜாய் எஞ்சாமி' (2021). அறிவு, தீ ஆகியோர் பாடிச் சந்தோஷ் நாராயணன் தயாரித்த இப்பாடலில் ஒப்பாரியின் சாயலும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய முன்னோரின் நினைவும் உள்ளன. 2022இல் மாமல்லபுரத்துச் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அறிவு இன்றி இப்பாடல் நிகழ்த்தப்பட்டபின், பாடலாக்கத்தில் தம் பங்கைக் குறித்து அவர் பொதுவெளியில் எழுதினார். இசையமைப்பாளர் தம் விளக்கத்தைத் தந்தார். இருவர் கூற்றுகளையும் தீர்ப்பிடுவது இக்கட்டுரையின் பணியன்று. வழியெங்கும் பதிவுக் கருவிகள் சூழ்ந்த காலத்தில், பெயர் அறிந்த கலைஞர்களிடையிலேயே யார் எதனைச் செய்தார் என்பது இவ்வளவு கடினமாயின், ஒப்பாரியை முதலில் கட்டிய பெண்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மீண்டும் விருத்தாசலம்

வேல்முருகனின் குரலில் ஒலிக்கும் நடுநாட்டுத் தன்மையைத் திரைப்படம் விரும்பி ஏற்றது. 'ஆடுகள'த்தில் அவர் பாடிய பாடலுக்கு ஏகாதசி சொல்லமைத்தார். கதையோ மதுரை மண்ணுடையது. விருத்தாசலத்துக் குரல் மதுரையின் குரலாகத் திரையில் நிற்க எந்த இடையூறும் ஏற்படவில்லை. 'நாட்டுப்புறக் குரல்' என்று ஒன்று இருந்தால் போதும், அது எந்த நாட்டின் எந்தப் புறம் என்பது திரைக்குத் தேவையில்லை. ஆய்வுத் தொகுப்புகள் பாடியவர் பெயரை விட்டு ஊர்ப்பெயரைக் காத்தன. திரைப்படம் பாடியவர் பெயரைக் காத்து ஊர்ப்பெயரை விட்டது.

இவ்வட்டாரத்தின் எழுத்திலக்கியம் இவ்விரு இழப்புகளையும் ஓரளவு ஈடு செய்துள்ளது. இமையத்தின் புனைகதைகளிலும் கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை', 'கோரை' முதலான நாவல்களிலும் இம்மண்ணின் பேச்சு அதன் ஏற்ற இறக்கங்களோடு பதிவாகியுள்ளது. கண்மணி குணசேகரன் தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி', மல்லாட்டை, முந்திரி விளையும் செம்மண் நிலத்தின் சொற்களைக் காத்துத் தந்திருக்கிறது. ஆனால் சொல்லுக்கு அகராதி உண்டாயிற்றே தவிர, பாட்டுக்கு அத்தகைய பதிவு இன்னும் தேவைப்படுகிறது. அதனை மேற்கொள்வோர் குணசேகரனின் மேடையிலிருந்து பெறக்கூடிய பாடம் மிக எளியது: ஒரு பாடலுக்கு ஒருவர் பெயர் போதாது.

களக்குறிப்பேட்டில் இன்று பொதுவாக இடம்பெறுவன பாடலின் முதலடி, வகை, இடம், நாள், சேகரித்தவர் ஆகியவை. பாடியவர், அவர் யாரிடம் கேட்டார், எந்த அடியைத் தாமே கட்டினார், பாடலை மேடைக்கோ ஒலிப்பதிவுக்கோ கொண்டுசெல்ல இசைகிறாரா என்னும் நான்கு இடங்களை அதில் கூட்டினால், ஒரு பாடலுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் ஆசிரியர்கள் வெளிப்படுவர். பெயர் சொல்ல விரும்பாதவரும் இருப்பர். சாதி, குடும்ப மானம், ஊர்ப்பகை எனக் காரணங்கள் பலவாகலாம். அத்தகையோர்க்குப் பாடலின் தொடரையே பெயராகச் சூட்டும் வழியைத் தொகைநூல்கள் காட்டியிருக்கின்றன. முதனையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் ஒப்பாரிக்கு அழைக்கப்படும் பெண்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரிப்பது இப்பணியின் முதற்படியாக அமையலாம். அவர்களுள் மூத்தோர் எண்பது அகவையைக் கடந்தவர்களாதலின் அதனை முதலில் செய்வது நலம்.